மடியில் வைத்து டைப் செய்ய டேப்லெட்டுக்கு எந்த மாதிரி கீபோர்டு வாங்கலாம்?

11 அங்குல டேப்லெட் இருக்கிறது, வாரக் கடைசியில் ஏற்காட்டு வீட்டில் ஈஸிசேரிலோ தரையிலோ உட்கார்ந்து தமிழில் நிறைய எழுத வேண்டும், மேஜை கிடையாது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சேலத்தில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன். வீட்டிலும் ரயிலிலும் பெரும்பாலும் மடியில்தான் டைப் செய்கிறேன். மடிக்கு வாங்குகிறீர்கள் என்றால் கீகளைப் பார்ப்பதற்கு முன்னால் கீலைப் பாருங்கள், அதாவது திரையும் கீபோர்டும் சேருகிற மடிப்பை.

லேப்டாப்பில் பேட்டரி, போர்டு எல்லாம் அடியில் இருப்பதால் கனம் மடியில் அழுந்தி நிற்கும். டேப்லெட்டில் எல்லாமே திரைக்குப் பின்னால். 11 அங்குலம் என்றால் அதுவே கிட்டத்தட்ட அரைக் கிலோ. அதற்குக் கீழே மெல்லிசான கீபோர்டு இருந்தால் பின்பக்கம் சாயத்தான் செய்யும். சாயாமல் இருக்க, மைக்ரோசாஃப்ட்டின் சர்ஃபேஸ் டேப்லெட், ஐபேடுக்கான லாஜிடெக் காம்போ டச் கீபோர்டு உறை போன்றவற்றில் பின்னால் ஒரு ஸ்டாண்ட் வைத்திருக்கிறார்கள். மேஜையில் அது அருமை. மடியில் கீபோர்டும் ஸ்டாண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஓரடி நீளம் பிடிக்கும். கொஞ்சம் குள்ளமானவர்களுக்கு ஸ்டாண்டின் விளிம்பு முழங்கால் முனையில் போய் நிற்கும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் இன்னும் மோசம். நடுவில் பள்ளம் விழுகிறது, ஸ்டாண்ட் அதற்குள் இறங்கிவிடும். வேட்டிக்கு மேலேயே அந்த விளிம்பு தொடையில் கோடு போடும்.

அதனால் இறுக்கமான கீலும் கனமான, வளையாத அடிப்பாகமும் உள்ளதைத்தான் நான் சொல்வேன். ஆப்பிள் 2020-ல் கொண்டுவந்த மேஜிக் கீபோர்டு இந்த வகை. ஐபேடுக்கு என்றில்லை, லேப்டாப் மாதிரி திறந்து மூடுகிற ப்ளூடூத் கீபோர்டுகள் மற்ற டேப்லெட்டுகளுக்கும் கிடைக்கின்றன. கனத்துக்குத் தயாராக இருங்கள்: 11 அங்குல ஐபேடும் மேஜிக் கீபோர்டும் சேர்ந்து 1 கிலோவைத் தாண்டும். கவிழாமல் இருப்பதற்காகத் திரையை ஓரளவுக்கு மேல் பின்னால் சாயவிட மாட்டார்கள். ஈஸிசேரில் நன்றாகச் சாய்ந்து உட்காருகிறவருக்கு இது ஒரு குறைதான். மடியில் ஒரு தலையணை வைத்து உயர்த்திக்கொண்டால் கழுத்துக்கும் நல்லது.

ஸ்டாண்ட் வைத்த கீபோர்டு ஏற்கெனவே கையில் இருந்தால் புதிதாக வாங்காதீர்கள். பரீட்சைக்குப் பிள்ளைகள் கொண்டுபோகிற க்ளிப் அட்டை போதும். நீளவாக்கில், க்ளிப் முழங்கால் பக்கம் இருக்கும்படி மடியில் போட்டு அதன் மேல் வையுங்கள். பள்ளம், ஆட்டம் இரண்டும் போய்விடும்.

அடுத்தது, தமிழில் எழுதுகிறவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய விஷயம். ஆங்கில ரிவியூக்களில் இது வராது. 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 என்கிற கீபோர்டு அமைப்பில் ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் வலது ஓரத்தில், ஆங்கிலத்தில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு இருக்கும் கீகளில் உட்கார்ந்திருக்கின்றன. சின்ன கீபோர்டுகளில் இடம் பற்றாமல் முதலில் ஒடுக்குவது இந்தக் கீகளைத்தான். ஆங்கிலம் அடிப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. நமக்கோ வரிக்கு நாலு தடவை ந-வும் ய-வும் வருகின்றன. 11 அங்குலத்துக்கான கீபோர்டிலும் மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால் படத்தைப் பெரிதாக்கி வலது ஓரத்தைப் பாருங்கள். அரை அளவுக் கீயாக இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ஆன்லைனில் ஆர்டர் போடுவதற்கு முன்னால் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஏதாவது ஷோரூமில் ஸ்டூல் கேட்டு உட்கார்ந்து, மடியில் வைத்து ஒரு பத்தி அடித்துப் பாருங்கள். மேஜையில் வைத்துக் காட்டுவதை நம்ப வேண்டாம். திரையின் மேல் ஓரத்தை விரலால் லேசாகத் தட்டினால் ஆடி நிற்கிறதா, ஆடிக்கொண்டே இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஏற்காட்டு ஈரத்துக்கு ஒரு வார்த்தை: தோல் மாதிரி தெரிகிற பாலியூரித்தேன் உறைகள் ஈரப்பதத்தில் நாளடைவில் உரியும், துணி உறை காய நேரம் பிடிக்கும். அலுமினியமோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ பாருங்கள். டேப்லெட்டில் இருக்கிற உலோகத் தொடுமுனைகள் வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்கிற கீபோர்டாக இருந்தால் தனியாகச் சார்ஜ் போட வேண்டியதில்லை. உங்களுடையது ஐபேட் என்றால் தமிழ்99, ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி அடிக்கிற அஞ்சல் என்ற அமைப்பு, இரண்டும் அதிலேயே இருக்கின்றன. செட்டிங்ஸில் சேர்த்துவிட்டால் கன்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி மொழி மாற்றலாம்.