உங்கள் நரிக்குப் பசி இருக்கிறதா?

வணக்கம். உங்கள் குறும்படத்தில் வரும் நரி பயமுறுத்துகிறது, ஆனால் யார் மனதிலும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ரோட் ரன்னர் என்ற பறவையை ஓயாமல் துரத்தும் கார்ட்டூன் பாத்திரமான வைல் ஈ. கயோட்டியை மீண்டும் ஒருமுறை பாருங்கள். வார்னர் பிரதர்ஸுக்காக இயக்குநர் சக் ஜோன்ஸும் கதாசிரியர் மைக்கேல் மால்ட்டீஸும் படைத்து, 1949இல் முதன்முதலாகத் திரையில் தோன்றிய வில்லன் அவன். மார்க் ட்வைன் தம் பயண நூலில், கயோட்டி என்ற வட அமெரிக்க ஓநாய் இன விலங்கை எந்நேரமும் பசித்திருக்கும், எலும்பும் தோலுமான பிராணியாக வருணித்திருந்தார். சிறுவயதில் ஜோன்ஸ் படித்த அந்தப் பக்கங்களே விதை.

பசியால் தொடங்கும் துரத்தல் பிடிவாதமாகிவிடுகிறது. எப்போது வேண்டுமானாலும் அவன் நிறுத்திவிடலாம், நிறுத்துவதில்லை. அவனை வீழ்த்துவதும் பெரும்பாலும் ரோட் ரன்னர் அல்ல, அவனே தீட்டிய திட்டமும், ஆக்மி என்ற கற்பனை நிறுவனத்திடம் அவன் வாங்கும் கருவிகளும்தான். மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நின்று, விழப்போகிறோம் என்று புரிந்து நம்மைப் பார்ப்பானே, அந்தப் பார்வைக்காகவே அவனை நேசிக்கிறேன்.

ஆகவே நரியின் பற்களை இன்னும் கூர்மையாக்காதீர்கள். அதற்கு என்ன வேண்டும் என்பதை முதல் காட்சியிலேயே காட்டுங்கள். தோற்றபின் அதன் முகத்தை இரண்டு விநாடி கூடுதலாக நிறுத்துங்கள். திருத்திய காட்சியை இங்கே பகிருங்கள், ஆவலோடு பார்க்கிறேன்.