வாய்ச்சொல் சீதனம், கொப்பிக் கடன், தள்ளிய வரம்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 14 வருடத்துக்கு முன் எனது கலியாணத்தின்போது அம்மா இந்த வீட்டை எனக்குச் சீதனமாகத் தந்தார். உறுதி எழுதவில்லை, ஊரறியச் சொல்லித் தந்ததுதான். அப்பா முன்பே காலமாகிவிட்டார். அம்மாவும் போன வருடம் போய்விட்டார். இப்போது இரண்டு அண்ணாமாரும் பங்கு கேட்டு வழக்குப் போடப்போவதாகச் சொல்கிறார்கள். வளவு 12 பேர்ச். (வாசகி, ஆரையம்பதி)

பதில்: வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே என்பது மட்டக்களப்பில் தாய்வழி வந்த வழமை. ஊர் அதை இன்றும் மதிக்கிறது. ஆனால் நீதிமன்றம் உறுதியைத்தான் கேட்கும். மட்டக்களப்பின் பழைய வழமைச் சட்டமான முக்குவர் சட்டம் வழக்கொழிந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது, தேசவழமை வடமாகாணத் தமிழருக்கு உரியது. உங்களுக்குப் பொருந்துவது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க, திருமண உரிமைகளும் வாரிசுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம். அதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. (முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931ஆம் ஆண்டுச் சட்டப்படி கணக்கு வேறு.)

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாத காணிக் கைமாற்றம் செல்லாது. ஆகவே அம்மா இறக்கும்வரை வளவு அவர் பெயரில்தான் இருந்தது. இறுதி விருப்பாவணம் இல்லையென்றால் மூன்று பிள்ளைகளுக்கும் தலைக்கு 1/3.

"பத்து வருடத்துக்கு மேல் இருந்தால் காணி சொந்தம்" என்று பலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதை நம்பி வழக்குக்குப் போகாதீர்கள். அம்மா இருந்தவரை நீங்கள் அங்கே இருந்தது அவரது விருப்பத்தோடு. அவருக்குப் பின் நீங்கள் மூவரும் கூட்டுரிமையாளர்கள். கூட்டுரிமையாளர் ஒருவரின் ஆட்சி (காணியைத் தன் கையில் வைத்திருப்பது) எல்லோருக்குமான ஆட்சியாகவே கொள்ளப்படும். மற்றவரின் உரிமையை வெளிப்படையாக மறுத்து வெளித்தள்ளியதைக் காட்டினால்தான் அந்தப் பத்து வருடக் கணக்கு ஓடத் தொடங்கும். கொறயா எதிர் இசரிஸ் அப்புஹாமி தீர்ப்பிலிருந்து நிலைத்துவிட்ட கொள்கை இது.

அண்ணாமார் பிரிவினை வழக்குப் போட்டால் நடப்பது இது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வழக்கைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். நீதிமன்ற ஆணையோடு நில அளவையாளர் வந்து வளவை அளப்பார். எந்தக் கட்டடத்துக்கு, எந்தத் தென்னைக்கு யார் உரிமை கோருகிறார் என்றும் குறித்துக்கொள்வார். பிறகு விசாரணை, இடைக்காலத் தீர்ப்பு, இறுதி அளவை, இறுதித் தீர்ப்பு. ஒரு வாரிசு விடுபட்டாலும், இடையில் ஒருவர் இறந்து அவர் இடத்துக்கு ஆள் சேர்க்க வேண்டி வந்தாலும் வழக்கு அங்கேயே நிற்கும். வருடங்கள் போவது பெரும்பாலும் இப்படித்தான். ஒரே வீடுள்ள 12 பேர்ச்சை மூன்றாகப் பிரிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று கண்டால் நீதிமன்றம் விற்பனைக்குக் கட்டளையிடலாம். அப்படி நடந்தால் வீடு உங்களுக்கும் இல்லை, அண்ணாமாருக்கும் இல்லை. இதை அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பேச்சுக்கு முன் அம்மாவின் மூல உறுதியைத் தேடி எடுங்கள். காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதியும் எடுத்து, ஈடு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். உறுதிக்குப் பதில் அரச காணி உத்தரவுப் பத்திரம் கிடைத்தால் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது, நீங்கள் போக வேண்டிய இடம் பிரதேச செயலகம். தனியார் காணிதான் என்றால், வீட்டைத் திருத்தப் போட்ட பணத்துக்கான பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். பங்கின் பெறுமதி பேசும்போது அதுவும் கணக்கில் வர வேண்டும்.

அண்ணாமார் தங்கள் பிரிபடாத 1/3 பங்குகளை உங்களுக்கு நன்கொடையாகவோ விலைக்கோ எழுதித் தருவதுதான் நல்ல முடிவு. பேச்சு முறிந்தால் மத்தியஸ்த சபை உதவும். ஆனால் அங்கே கையொப்பமிடும் இணக்கத் தாள் காணியை மாற்றாது. ஒரு மாதத்துக்குள் நொத்தாரிசு உறுதி எழுதிப் பதிவதாக அந்தத் தாளிலேயே எழுதுங்கள். தாளோடு நின்றுவிட்டால், அண்ணாமாரின் பிள்ளைகள் காலத்தில் இதே சண்டை திரும்பவும் வரும். மரணசாதன வழக்கு (இறந்தவரின் ஆதனத்தை நீதிமன்றத்தின் மூலம் வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்கும் வழக்கு) தேவையா என்பது ஆதனத்தின் பெறுமதியைப் பொறுத்தது. உறுதி எழுதுமுன் அதை நொத்தாரிசிடம் கேளுங்கள்.

கேள்வி: ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் 180,000 ரூபாய்க்குச் சீமெந்தும் கம்பியும் கடனுக்கு எடுத்து 10 மாதம். கொப்பியில் எழுதியிருக்கிறேன், அவர் கையொப்பம் இல்லை. பொலிசில் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்கிறார்கள். (வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். விற்ற பொருளுக்கும் கடைக் கொப்பிக் கடனுக்கும் வழக்குப் போடுவதற்கான காலவரையறை 1 வருடம்தான். எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய் ஒப்பந்தத்துக்கு 3 வருடம் என்பதைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் பலர் ஏமாந்து போகிறார்கள். உங்களுக்கு இரண்டு மாதமே மிச்சம். "இன்ன தொகை தர இருக்கிறேன்" என்று அவர் கையொப்பத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள், காலம் புதிதாகத் தொடங்கும். தர மறுத்தால் காத்திருக்காமல் விண்ணப்பியுங்கள்.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டப்படி, குறித்த தொகைக்கு உட்பட்ட கடன் பிணக்கு, இணக்கம் ஏற்படவில்லை என்ற சபையின் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றத்தில் ஏற்கப்படாது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த எல்லையை 500,000 ரூபாய் ஆக்கியது; உங்கள் தொகை அதற்குள் அடங்கும். அவர் வசிக்கும் பிரதேசத்துச் சபைத் தவிசாளருக்கு விண்ணப்பம் எழுதுங்கள். சட்டத்தரணி அங்கே உங்களுக்காகப் பேச முடியாது. மத்தியஸ்தர் மூவரில் ஒருவரை நீங்களும் ஒருவரை அவரும் தெரிவு செய்வீர்கள்.

"வசதிப்பட்டபோது தருவார்" என்ற இணக்கத்துக்குக் கையொப்பமிடாதீர்கள். மாதம் 15,000 வீதம் 12 தவணை, ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதிக்குள் வங்கிக் கணக்கில், ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே என்று எழுதுவியுங்கள். சபைக்குச் சொத்தைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் இல்லை. அவர் தவறினால் சபைக்கு அறிவித்து, இணக்கமின்மைச் சான்றிதழ் வாங்கி மாவட்ட நீதிமன்றம் போகலாம்.

கேள்வி: பக்கத்து வயற்காரர் மூன்று வாரத்துக்கு முன் வரம்பை வெட்டித் தள்ளி எனது வயலில் ஒரு பகுதியை உழுதுவிட்டார். உறுதி என்னிடம் இருக்கிறது. (வாசகர், நாவிதன்வெளி)

பதில்: இந்தக் கட்டத்தில் உறுதியைவிட ஆட்சிதான் முக்கியம். சமாதானம் குலையும் நிலை இருந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பொலிசார் அல்லது நீங்களே ஆரம்ப நீதிமன்றத்தை நாடலாம். வழக்குத் தாக்கலான திகதிக்கு முந்திய 2 மாதத்துக்குள் நீங்கள் வெளியேற்றப்பட்டிருந்தால்தான் ஆட்சியைத் திருப்பித் தருவார்கள். உங்களுக்கு ஐந்து வாரமளவில் இருக்கிறது. சத்தியக்கடதாசியோடு கமநல சேவை நிலையப் பதிவு, உரமானிய ஆவணம், அயல் வயற்காரரின் சத்தியக்கடதாசி, வெட்டப்பட்ட வரம்பின் படம் எல்லாவற்றையும் இணையுங்கள். அந்தக் கட்டளை உரித்தைத் தீர்க்காது. அதற்கு மேன்முறையீடும் இல்லை, மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மட்டுமே. இரண்டு மாதம் தவறினால், ஆட்சியிழந்து 1 வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் ஆட்சி வழக்குத் தொடுக்கலாம்.

கேள்வி: கல்முனையில் ஆறு வருடமாக வழக்கு நடக்கிறது. இடையில் சமாதானமாகலாமா? (வாசகர், காரைதீவு)

பதில்: தாராளமாக. குடியியல் நடவடிக்கைக் கோவையின் 408ஆம் பிரிவின்கீழ் இணக்கத்தை நீதிபதி முன் பதிந்தால் அது தீர்ப்பாணையாகிவிடும், மறுபக்கம் மீறினால் அதை வைத்தே நிறைவேற்றலாம். வெளியே ஒரு தாளில் எழுதிவிட்டு வழக்கை வாபஸ் வாங்கினால் அந்தப் பலம் கிடைக்காது. பதியுமுன் ஒவ்வொரு நிபந்தனையையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லை பற்றிய பேச்சென்றால் நில அளவை வரைபடத்தின் இலக்கத்தையும் துண்டு இலக்கத்தையும் பதிவில் எழுதுவியுங்கள்.