படுப்பது லையா, லேயா?

கேள்வி: 'படுத்திருந்தேன்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் லேயிங்' என்று எழுதினேன். தவறு என்கிறார்களே, ஏன்?

பதில்: 'லே' (lay) என்றால் ஒரு பொருளைக் கிடத்துவது, வைப்பது. 'எதை?' என்று கேட்டால் வாக்கியத்தில் விடை இருக்க வேண்டும்: 'லே தி புக் ஆன் தி டேபிள்'. தானே படுப்பது 'லை' (lie). ஆகவே 'ஐ வாஸ் லையிங்' என்பதே சரி. நம் தன்வினை, பிறவினை போலத்தான்.

வம்பு இறந்தகாலத்தில்தான். 'லை'யின் இறந்தகாலமும் 'லே'! நேற்றுப் படுத்தேன் என்றால் 'ஐ லே டவுன் யெஸ்டர்டே'. 'லெய்ட்' (laid) என்பது வைத்தேன் என்பதற்கு உரியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இங்கு சறுக்குவார்கள். 'ஹேவ்' சேர்ந்தால் படுப்பதற்கு 'லெய்ன்' (lain), வைப்பதற்கு அதே 'லெய்ட்'. பொய் சொல்லும் 'லை' வேறு; அதற்கு இறந்தகாலம் 'லைட்' (lied).