சனிக்கிழமை ராத்திரிப் பிரசங்கம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். கிராமத் திருச்சபை ஒன்றில் உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் பெறாத ஊழியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வேதாகமக் கல்லூரியில் படித்தவன் இல்லை. பல சபைகளுக்குப் பொறுப்பான சேகரகுரு மாதம் ஒருமுறை திருவிருந்துக்கு வருவார். மற்ற ஞாயிறுகள் என் பொறுப்பு. சனிக்கிழமை உபவாசமிருந்து, ராத்திரி உட்கார்ந்து பிரசங்கம் எழுதுகிறேன். ஆனாலும் பத்து நிமிஷத்தில் சரக்கு தீர்ந்து, சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூத்த ஊழியர் ஒருவர், எழுதி வைப்பதே அவிசுவாசம் என்று, 'என்ன பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள்' என்னும் மத்தேயு 10:19ஐக் காட்டுகிறார். எப்படித் தயாராவது? என்ன புத்தகம் வாங்கலாம்? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

மத்தேயு 10:19ஐ அதற்கு முந்தின இரண்டு வசனங்களோடு சேர்த்து வாசியுங்கள். ஆலோசனைச் சங்கங்களுக்கு ஒப்புக்கொடுப்பார்கள், அதிபதிகளுக்கும் ராஜாக்களுக்கும் முன் கொண்டுபோவார்கள் என்று இருக்கிறது. பிடிபட்டு விசாரணைக்கு நிற்பவனுக்குச் சொன்ன ஆறுதல் அது. ஆறு நாள் அவகாசம் உள்ள பிரசங்கியாருக்கு அதில் சலுகை எதுவும் இல்லை.

உங்கள் உபவாசத்தில் குறை இல்லை. குறை, ஆரம்பிக்கும் நாளில். சனிக்கிழமை ராத்திரி மனதுக்கு வருவதெல்லாம் ஏற்கெனவே பிறர் பிரசங்கத்தில் கேட்டவைதான். அது தீர்ந்ததும் வசனத்துக்கு வசனம் தாவுவோம். ஆதியாகமம், அங்கிருந்து சங்கீதம், அங்கிருந்து வெளிப்படுத்தல். கேட்கிறவர்கள் பக்கம் புரட்டியே களைத்துப்போவார்கள்.

ஒரே பகுதியை எடுங்கள், பத்துப் பதினைந்து வசனம். திங்கட்கிழமையே முந்தின அதிகாரத்தையும் பிந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசித்துவிட வேண்டும். உதாரணத்துக்கு எரேமியா 29:11, உங்களைக் குறித்த என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் நம்பிக்கை சொல்லும் இடம். வருஷப்பிறப்பு வாக்குத்தத்த அட்டையில் நம் ஊரில் அடிக்கடி வருகிற வசனம், அதனாலேயே முன்பின் பாராமல் பிரசங்கிக்கப்படுகிற வசனம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் வருகிறது. அந்தக் கடிதம் என்ன சொல்கிறது? அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். பத்தாம் வசனத்தில் கெடுவும் இருக்கிறது: 70 வருஷம். கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பாமலே சாவார்கள் என்று அர்த்தம். இப்போது 28ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக அனனியா என்னும் பொய்த் தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்கிறான். ஜனத்துக்கு எது இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சபையில் மகனுக்கு வேலை கிடைக்காத தாய் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு அனனியாவின் இரண்டு வருஷத்தைக் கொடுக்கப்போகிறீர்களா, எரேமியாவின் எழுபதையா? 11ஆம் வசனத்தின் நம்பிக்கையை எடுத்துவிடச் சொல்லவில்லை. 10ஐ மறைக்காமல் 11ஐச் சொல்லுங்கள் என்கிறேன். இதில் இருபது நிமிஷத்துக்கு மேலேயே சரக்கு இருக்கிறது, வேறு புத்தகத்துக்குத் தாவாமலே.

செவ்வாய், புதன் வீடு சந்திக்கப் போகும்போது பகுதி மனதில் ஓடிக்கொண்டிருக்கட்டும். வியாழனுக்குள் பிரசங்கம் முழுவதும் ஒரே வாக்கியமாகச் சொல்ல வர வேண்டும். வராவிட்டால் இன்னும் தயாராகவில்லை. வெள்ளி எழுதுங்கள். சனிக்கிழமை கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கண்ணால் வாசித்தால் நேரம் தெரியாது. அதன்பின் உபவாசமும் ஜெபமும் தாராளமாக.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் ஊழியர்கள் அதிகம் இடறுகிற இடம்: காணிக்கை. ஆராதனை முடிந்ததும் ஆலயத்திலேயே, ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவர் எண்ண வேண்டும், நீங்கள் அல்ல. 500 எத்தனை, 100 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். திங்கட்கிழமை வங்கியில் கட்டிவிடுங்கள். 'வெள்ளிக்கிழமை வைத்துவிடலாம்' என்று அதிலிருந்து கைமாற்று எடுப்பதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. ஜிபே க்யூஆர் அட்டையை உங்கள் சொந்த எண்ணில் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருளை ஏலம் விடும்போது கோழியையும் தேங்காயையும் கடனுக்கு எடுப்பார்கள். பெயர், பொருள், தொகை, பாக்கி என்று அங்கேயே நோட்டில் ஏற வேண்டும், இல்லையேல் அடுத்த பண்டிகைவரை சண்டை. பவுலே தர்மப்பணத்தைத் தனியாகக் கையாளவில்லை, தம் உடன்வேலையாள் தீத்துவோடு இன்னொரு சகோதரனையும் அனுப்பினார். 2 கொரிந்தியர் 8:18 முதல் 21 வரை பாருங்கள்.

வியாதியஸ்தரைப் பார்க்கப் போனால் நிற்காமல் உட்காருங்கள். பத்து நிமிஷம் போதும், ஒரு சிறு சங்கீதம், சிறு ஜெபம். விசுவாசக் குறைவால் நோய் என்று சொல்லாதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை. பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குச் சபையின் மூத்த பெண்மணி ஒருவரோடு போங்கள். ஒரு வீட்டில் கேட்டது அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது, ஜெபக்குறிப்பு என்ற பெயரிலும் கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் மூடி வைக்க முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம். குற்றம் செய்தவர் சபை மூப்பராக இருந்தாலும் அப்படித்தான்.

கல்லூரிக்குப் போகாததில் வெட்கப்பட எதுவும் இல்லை. தரங்கம்பாடியில் 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், அதற்கு முன் பல ஆண்டுகள் உபதேசியார்தான். இறையியல் படிக்கும் ஆசை இருந்தால் ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம், மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழிலேயே கற்பிக்கிறது. சேகரகுருவிடம் முதலில் பேசுங்கள்.

புத்தகம்: இப்போதைக்கு, ஒரு சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதி ஒன்று, வேதாகம அகராதி ஒன்று. பழைய வேதாகம மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலோடு பக்கத்தில் வைத்து வாசிக்க, 1995இல் வந்த மொழிபெயர்ப்பான திருவிவிலியம். பிரசங்கக் குறிப்புத் தொகுப்புகள் மலிவாகக் கிடைக்கும், ஓராண்டுக்கு வாங்காதீர்கள்.