நான்கு வயதுக் கைக்கு எந்த இலை?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது, மகனுக்கு ஆறரை. கோடை விடுமுறையில் இலைகளை வைத்து ஏதாவது செய்யலாம் என்று வீடியோ பார்த்து மயில், மீன் எல்லாம் ஒட்டினோம். பத்து நிமிடத்தில் இருவரும் ஓடிவிடுகிறார்கள். மீதியை நான்தான் ஒட்டி முடிக்கிறேன். அதுவும் மறுநாளே சுருண்டு எழும்பிவிடுகிறது. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்: சுருள்வதற்கு வழி எளிது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பச்சை இலையில் நீர் அதிகம். ஒட்டிய பிறகு காய்ந்தால், பசை பிடித்த பக்கம் அசையாமல் இருக்க, மேல்பக்கம் மட்டும் சுருங்கி ஓரத்தை இழுக்கும். அதனால் காயவைத்த பிறகுதான் ஒட்ட வேண்டும். செய்தித்தாள்களுக்கு நடுவில் இலைகளைப் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, 7 முதல் 10 நாள் விடுங்கள். முதல் மூன்று நாளும் தாளை மாற்றுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். வேம்பு, புளி போன்ற மெல்லிய இலைகள் சீக்கிரம் காயும். பலா இலை, ரப்பர் செடி இலை இதற்கு வேண்டாம்.

பிள்ளைகள் ஓடுவது வேறு விஷயம். மயில் செய்யலாம் என்று முடிவு செய்தது நீங்கள். வெட்டியது, அளவு பார்த்தது, பசை தடவியதும் நீங்கள்தான். குழந்தைக்கு மிஞ்சியது 'அந்த இலையை எடு' என்ற வேலை மட்டும். மழலையர் வகுப்பில் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் நடத்தினேன். சுவர் நிறைய அழகான மயில்கள் இருந்தன, எதையும் குழந்தை செய்யவில்லை. பிறகுதான் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: இந்த வயதுக் கை தானாக என்ன செய்ய விரும்புகிறது, அதற்கு எந்த இலை இடம் கொடுக்கும்?

உங்கள் மகளின் கை கிழிக்க விரும்பும். சந்தையில் ஒரு வாழை இலை வாங்கி முழுதாக அவளிடம் கொடுங்கள். நடுத்தண்டிலிருந்து ஓரம்வரை கோடு போட்டாற்போல் கிழியும். நாடா நாடாக வரும்போது அவள் முகத்தைப் பாருங்கள். அப்புறம் ஒரு பூவரச இலையைக் கொடுங்கள். அது கோணல்மாணலாகத்தான் கிழியும். ஏன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். இரண்டு இலையையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், வாழையில் நரம்புகள் பக்கம் பக்கமாக ஓடுவதும் பூவரசில் வலைபோலப் பின்னியிருப்பதும் தெரியும். ஒருவித்திலை, இருவித்திலை என்று பின்னால் பள்ளியில் படிக்கப்போவதை அவள் விரல் இப்போதே தொட்டுவிடுகிறது. இரண்டு விரலால் பிடித்துக் கிழிப்பது பென்சில் பிடிக்கப்போகும் கைக்கும் நல்ல பயிற்சி.

அடுத்தது இலையைத் தேய்த்து அச்செடுப்பது. பலரும் முயன்று, சரியாக வராமல் விட்டுவிடும் வேலை இது. தவறு பெரும்பாலும் மூன்று இடத்தில்தான். இலையின் அடிப்பக்கம் மேலே இருக்க வேண்டும், நரம்பு புடைத்திருப்பது அங்கேதான். மேலே வைக்கும் தாள் மெல்லியதாக இருக்க வேண்டும், ஓவிய அட்டை உதவாது. கிரேயான் மேல் சுற்றியிருக்கும் காகிதத்தை உரித்துவிட்டு, அதைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். நான்கு வயதுக்காரிக்கு இலை நழுவாமலிருக்க ஒரு துளி பசை வைத்து, தாளின் மூலைகளை டேப் போட்டு ஒட்டிக்கொடுங்கள். உங்கள் பங்கு அவ்வளவுதான். கொய்யா இலையில் அச்சு மிக நன்றாக விழும். பூவரசும் அரசும் நன்றாக வரும். அச்சு வந்ததும் நரம்பெல்லாம் எங்கிருந்து கிளம்புகிறது என்று கேளுங்கள். கொய்யாவில் நடு நரம்பின் இருபுறமும் வரிசையாகக் கிளம்பும். பூவரசில் காம்பு சேரும் இடத்திலிருந்தே விரல்களைப்போல் விரியும். தன் கையை விரித்து அதன் மேல் வைத்துப் பார்க்கும் குழந்தைகள் உண்டு.

ஒரே மாமரத்தின் கொழுந்து, முற்றிய இலை, பழுப்பு, சருகு நான்கையும் கலைத்துப் போட்டு, வயதுப்படி அடுக்கச் சொல்வதும் அவளால் முடியும். மாங்கொழுந்து செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும், பாப்பா என்று தானே பெயர் வைத்துவிடுவாள்.

மகனுக்கு வேறு வேலை வேண்டும். ஆறரை வயதில் 'இது வேலை செய்கிறதா' என்பதுதான் ஆசை. பூவரச இலைப் பீப்பிக்கு ஈடாக எதையும் நான் கண்டதில்லை. அதிகம் முற்றாத இலையாக எடுத்து, காம்பைக் கிள்ளிவிட்டு, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டுங்கள். ஒரு முனை குறுகலாக இருக்கட்டும். அதை லேசாக நசுக்கி உதட்டில் வைத்து ஊத வேண்டும். முதல் ஐந்தாறு இலையில் காற்றுதான் வரும், விடாதீர்கள். சத்தம் வந்துவிட்டால், சின்ன இலையில் கீச்சென்றும் பெரிய இலையில் தடித்தும் வருவதை அவனே கண்டுபிடிக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஓலை வேலையும் அவன் வயதுக்கு ஏற்றது. தென்னை ஓலையிலிருந்து ஈர்க்கை உருவிவிட்டு, நாடாக்களை ஒன்று மேலே ஒன்று கீழே என்று பின்னினால் சின்னப் பாய் வரும். கைக்கடிகாரம், கிளி எல்லாம் அதற்குப் பிறகு. நுங்கு விற்பவரிடம் கேட்டால் ஒரு பனை ஓலை கிடைக்கலாம். மட்டையின் கருக்கு கையை அறுத்துவிடும், அதை நீங்களே நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

பால்கனியில் ஒரு தொட்டி வைக்க இடமிருந்தால் 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' செடியைத் தேடிப் பிடியுங்கள். ரணகள்ளி என்றும் சொல்வார்கள். ஒரே ஓர் இலையை நூலில் கட்டி, சுவரில் தொங்கவிட்டால் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் இலையின் பல்விளிம்பில் குட்டிச் செடிகள் முளைக்கும். தேதி போட்டு அவன் தினமும் வரையட்டும், தங்கை எண்ணிச் சொல்லட்டும். இருவரும் சேர்ந்து செய்ய இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை.

சந்தைக்குப் போய்வரும் வழியில் ஒரு சொல் விளையாட்டும் ஆடலாம். வாழைக்கு இலை, முருங்கைக்குக் கீரை, கொத்தமல்லிக்குத் தழை, கரும்புக்குத் தோகை, தென்னைக்கு ஓலை, தாழைக்கு மடல், நெல்லுக்குத் தாள். தமிழில் எல்லாவற்றையும் இலை என்று சொல்லிவிடுவதில்லை. தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னால் ஏன் வேறு வேறு பெயர் என்பது பிள்ளைகளுக்குத் தானே புரியும்.

மயில் வேண்டும் என்று அவர்களே கேட்கும் நாளும் வரும். அன்று காயவைத்த இலைகளை எடுத்துக் கொடுங்கள். பசையும் முனை மழுங்கிய கத்தரிக்கோலும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். இறக்கை தலையில் ஒட்டப்பட்டிருந்தாலும் திருத்தாதீர்கள்.

கடைசியாக, எந்த இலையைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அரளி நஞ்சு. எருக்கு, கள்ளி இரண்டின் பாலும் கண்ணில் பட்டால் ஆபத்து. காலிமனைகளில் மண்டியிருக்கும் பார்த்தீனியம் அரிப்பையும் மூச்சுத்திணறலையும் தரும். சேம்பு இலையும் அரிக்கும். வரவேற்பறையில் அழகுக்கு வைக்கும் டிஃபன்பேக்கியாவைக் கடித்தால் வாயும் நாக்கும் வீங்கும், அது உங்கள் வீட்டில் இருந்தால் உயரத்துக்கு மாற்றிவிடுங்கள். மாமரத்தில் இலைகள் ஒன்றோடொன்று தைத்தாற்போல் இருந்தால் அது முசுறு எறும்பின் கூடு, தள்ளி நின்று காட்டுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தெரியாத இலையை வாயில் போட்டு வாய் எரிந்தாலோ வாந்தி வந்தாலோ, அந்த இலையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.