வால்ஹைம் கேமில் முதல் வில்லைச் செய்வது எப்படி? அதை வைத்து ஒரு மானைக்கூட அடிக்க முடியவில்லையே, ஏன்?

கேட்டவர் இன்னும் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். வொர்க்பெஞ்ச் (பொருள் செய்யும் மேசை) போட்டும் பட்டியலில் வில்லே வரவில்லையாம். கூட விளையாடும் நண்பர் ஒரு வில்லைக் கொடுத்து, அதில் இரண்டு கட்டு அம்பு தீர்த்தும் மான் விழவில்லையாம். "இந்த முதல் வில், க்ரூட் போ, சும்மா பேருக்குத்தானா? நேரே அடுத்த வில்லுக்குப் போய்விடலாமா?" என்பது கேள்வி.

வில் மேல் தப்பில்லை. நான் இதே புலம்பலை என் அக்கா மகனிடம் புலம்பியிருக்கிறேன். 2021 பிப்ரவரியில் இந்த கேம் வெளிவந்து கொஞ்ச நாளில் அவன்தான் என்னை இதற்குள் இழுத்துவிட்டான். உலகம் அவன் கம்ப்யூட்டரில் ஓடும். அக்கா சாப்பிடக் கூப்பிட்டால் அவன் எழுந்து போவான், உலகமே அணைந்துவிடும், நான் பாதி இழுத்த வில்லோடு மெனுவில் வந்து நிற்பேன். அது தனிக் கதை.

முதலில் பட்டியல் பிரச்சினை. வால்ஹைமில் ஒரு பொருளுக்கு என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் ஒரு முறையாவது கையில் எடுத்திருந்தால்தான் அதன் செய்முறை கண்ணில் படும். க்ரூட் போவுக்கு 10 மரக்கட்டையும் 8 லெதர் ஸ்க்ராப்பும் (தோல் துண்டு) வேண்டும். மரம் எல்லோரிடமும் இருக்கும். தோல் துண்டு காட்டுப்பன்றியிடமிருந்துதான் வரும். உங்களுக்கு வில் வரவில்லை என்றால் நீங்கள் இன்னும் பன்றி அடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒன்றை அடித்துத் துண்டை எடுத்த நொடியிலேயே புதுச் செய்முறை கிடைத்ததாகத் திரையில் வரும்.

பன்றி அடிக்க 6 மரக்கட்டையில் செய்கிற கிளப் போதும். நேராக முட்ட வரும், கடைசி நொடியில் பக்கவாட்டில் நகர்ந்து முதுகில் போடுங்கள். கையில் தீப்பந்தம் இருந்தால் பன்றி பயந்து விலகும், அதனால் வேட்டைக்குப் போகும்போது பந்தத்தை உள்ளே வைத்துவிடுங்கள். இது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்கப் பந்தத்தோடு பன்றியைத் துரத்தினேன்.

தோல் துண்டு சேர்ந்ததும் பெஞ்சுக்கு வாருங்கள். பெஞ்சின் தலைக்கு மேல் கூரை இருக்க வேண்டும், சுற்றிலும் ஓரளவு மறைப்பு வேண்டும். இல்லையென்றால் ஒன்றும் செய்ய விடாது. புதிதாக வீடு கட்டச் சோம்பலாக இருந்தால் மெடோஸ் புல்வெளியில் ஆங்காங்கே இருக்கிற பாழடைந்த வீடு ஒன்றில், கூரை மிச்சமிருக்கும் மூலையில் பெஞ்சைப் போடுங்கள். அந்த வீடுகளில் சில சமயம் ஒரு பெட்டியும் இருக்கும். திறந்து பார்க்காமல் போகாதீர்கள், உள்ளே இறகு கிடைக்க வாய்ப்பு உண்டு.

அம்பைப் பொறுத்தவரை 8 மரக்கட்டைக்கு 20 மர அம்பு கிடைக்கும். ஆரம்பத்துக்கு இதுவே தாராளம். 8 மரம், 2 சிக்கிமுக்கிக் கல், 2 இறகு சேர்த்தால் 20 ஃபிளின்ட் அம்பு. கல் ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் தண்ணீர் ஓரமாகக் கிடக்கும், குனிந்து பொறுக்க வேண்டியதுதான். இறகுக்குப் பறவை அடிக்க வேண்டும். மரத்துக்குப் பதிலாக எலும்பா, தோலா என்று குழம்ப வேண்டாம், இந்த இரண்டு வகை போதும். ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள்: விட்ட அம்பு திரும்ப வராது. தரையில் குத்தி நிற்கிறதே, பொறுக்கிக்கொள்ளலாம் என்று தேடாதீர்கள்.

இனி மானுக்கு வருவோம். இங்கேதான் உங்கள் இரண்டு கட்டு அம்பும் போயிருக்கிறது.

மவுஸை அழுத்திப் பிடித்தால் நாண் இழுபடத் தொடங்கும். திரையின் நடுவில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், சுருங்கச் சுருங்க மஞ்சளாகும். நன்றாகச் சுருங்கி முழு மஞ்சளான பிறகுதான் வில் முழுதாக இழுபட்டது என்று அர்த்தம். வில் திறன் (விட விட ஏறும் எண்) இல்லாத புது ஆளுக்கு அதற்கு இரண்டரை நொடி ஆகும். கேட்கச் சின்ன நேரம்தான். எதிரே மான் தலையைத் தூக்கிப் பார்க்கிறபோது இரண்டரை நொடி என்பது ரொம்ப நீளம். அதனால் நாம் பாதியிலேயே விட்டுவிடுகிறோம். முதல் வாரம் முழுக்க அக்கா மகன் ஹெட்செட்டில் கத்தியது ஒரே வாக்கியம்: "மாமா, வட்டம் மூடுறதுக்குள்ள விட்டுட்டீங்க!"

பாதியில் விட்டால் மூன்று நஷ்டம் ஒன்றாக வருகிறது. அம்பு மெதுவாகப் போகும், அதனால் சீக்கிரம் தாழும். குறி சிதறும். அடியும் குறையும். இந்தக் கடைசிதான் நிறையப் பேர் கவனிக்காதது. க்ரூட் போவின் அடி 22, மர அம்பின் அடி 22, மொத்தம் 44. வில் திறன் அடிமட்டத்தில் இருக்கும் ஆளுக்கு இந்த 44 அப்படியே கிடைக்காது. சுமார் கால் பங்கிலிருந்து பாதிக்குக் கொஞ்சம் மேல் வரை ஏதோ ஒரு அளவு கிடைக்கும். அதாவது 11லிருந்து 24 வரை. நட்சத்திரம் (கூடுதல் பலத்துக்கான அடையாளம்) இல்லாத சாதாரண மானின் உயிர் எவ்வளவு தெரியுமா? வெறும் 10.

கணக்கு புரிகிறதா? எவ்வளவு கத்துக்குட்டியாக இருந்தாலும், முழுதாக இழுத்த அம்பு பட்டால் சாதாரண மான் ஒரே அடியில் விழுந்தாக வேண்டும். பாதி இழுத்து விட்டால் 5, 6, 10, 12 என்று எதுவும் வரலாம். அம்பு பட்டும் மான் ஓடுகிறது என்றால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள். அடுத்த வில்லை வாங்கினாலும் இந்த அவசரம் கூடவேதான் வரும்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்தியதாகப் புறநானூறு பாடுகிறது. அவர் வட்டம் மூடும்வரை பொறுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சரி, இரண்டரை நொடி எங்கிருந்து கிடைக்கும்? பதுங்குவதிலிருந்துதான். கன்ட்ரோல் கீயைத் தட்டினால் குனிந்து நடப்பீர்கள், திரையில் ஒரு கண் தெரியும். கண் மூடியிருந்தால் யாரும் உங்களைக் கவனிக்கவில்லை. அது திறக்க ஆரம்பித்தால் நில்லுங்கள். குனிந்து நடப்பதும் ஸ்டாமினாவை, அதாவது உடல் தெம்பைத் தின்னும், வில்லை இழுத்துப் பிடிப்பதும் தின்னும். புதிதாக வந்தவர் வெறும் வயிற்றோடு இருந்தால் மொத்த ஸ்டாமினாவே 50தான். மான் பக்கத்தில் போய்ச் சேரும்போது கையில் ஒன்றும் மிச்சமிருக்காது. ராஸ்பெர்ரி பறித்துத் தின்னுங்கள், சுட்ட இறைச்சி தின்னுங்கள், அப்புறம் கிளம்புங்கள். மானை நெருங்கியதும் ஒரு மரத்துக்குப் பின்னால் அசையாமல் நின்று ஸ்டாமினா நிரம்பட்டும். அதற்குப் பிறகு இழுங்கள். இழுத்த பிறகு மான் மரத்துக்குப் பின்னால் போய்விட்டதா? வீம்புக்கு விட வேண்டாம். பிளாக் பட்டனை அழுத்தினால் நாண் தளர்ந்துவிடும், அம்பு மிச்சம்.

கவனிக்காமல் இருக்கும் விலங்கின் மேல் அம்பு பட்டால் அடி மூன்று மடங்கு. மேலே சொன்ன குறைந்தபட்ச 11கூட 33 ஆகிவிடும். இரண்டு நட்சத்திர மானின் உயிர் 30தான், அதுவும் விழும். நட்சத்திர மான் அதிகத் தோலும் இறைச்சியும் தரும் என்பதால் பொறுமைக்குக் கூலியும் உண்டு.

தூரத்துக்கு ஒரு அளவுகோல் சொல்கிறேன். வொர்க்பெஞ்சைச் சுற்றி எவ்வளவு தூரம் கட்டலாம் என்று ஒரு வட்டம் காட்டுமே, பெஞ்சிலிருந்து அதன் விளிம்பு 20 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் முழுதாக இழுத்தால் குறியை ஏறக்குறைய நேராக உடம்பில் வைக்கலாம். அதைத் தாண்டினால் முதுகுக்கு மேல் கொஞ்சம் உயர்த்த வேண்டும். எவ்வளவு என்று எழுதிக் காட்ட முடியாது, ஒரு கட்டு மர அம்பை ஒரு மரத்தின் மேல் விட்டுப் பாருங்கள், கைக்கே தெரிந்துவிடும்.

ஓடிவிட்ட மானைத் துரத்துவது வீண். நின்ற இடத்திலேயே குனிந்து இருங்கள், கொஞ்ச நேரத்தில் அது எங்காவது நின்றுவிடும். ஓட ஓட நமக்குத்தான் மூச்சு வாங்கும்.

பறவை விஷயம் நேர் எதிர். கடற்காகத்துக்கும் காக்கைக்கும் உயிர் 1தான். பாதி இழுத்தாலும், கால் பங்கு இழுத்தாலும் பட்டால் போதும். தரையிலோ பாறையிலோ உட்கார்ந்திருக்கும்போது அருகில் போய்ச் சட்டென்று விடுங்கள். மானுக்கு ஆகாத அவசரம் இங்கே ஆகும். ஃபிளின்ட் அம்புக்கான இறகை நான் இப்படித்தான் சேர்த்தேன். பறக்கும் பறவையை அடிக்கிறேன் என்று இறங்கினால் ஓர் இறகுக்கு ஒரு கட்டு அம்பு போகும். செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பையில் இரண்டு வகை அம்பு இருந்தால் எது போக வேண்டும் என்பதை நீங்களே அதன் மேல் ரைட் கிளிக் செய்து தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கேம் தன் போக்கில் ஒன்றை எடுக்கும். பறவை மேல் ஃபிளின்ட் அம்பை வீணாக்குவது இப்படித்தான் நடக்கிறது.

மான் விழ ஆரம்பித்ததும் தோல் சேரும், அதிர்ஷ்டம் இருந்தால் மான் தலையும் கிடைக்கும். எல்லா மானும் தலை தராது. இரண்டு தலை சேர்ந்தால் எய்க்திரைக் கூப்பிடலாம். மின்னல் கொம்போடு வரும் முதல் பெரிய எதிரி அது. (நார்ஸ் புராணத்தில் வால்ஹல்லா மண்டபத்தின் கூரை மேல் நின்று மரத்தின் இலையைத் தின்னும் ஒரு மானின் பெயரிலிருந்து எடுத்தது.) அதற்கு உயிர் 500. நம் வில்லும் ஃபிளின்ட் அம்பும் சேர்ந்து 49, திறன் குறைவாக இருக்கும்போது ஓர் அம்புக்குச் சராசரியாக 20 வரும். தவறுவதையும் சேர்த்து 40 அம்பு கொண்டு போங்கள். கொஞ்சம் தள்ளி நின்று, அது மின்னலை விட்டு முடித்த இடைவெளியில் இழுங்கள். இங்கே அது உங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும், மூன்று மடங்குக் கணக்கெல்லாம் கிடையாது. நான் முதல் தடவை மூன்று கட்டு கொண்டு போனேன். பயம்தான்.

அடுத்த வில்லுக்கு நேரே போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஃபைன்வுட் போவுக்கு 10 ஃபைன்வுட், 10 கோர்வுட், 2 மான் தோல் வேண்டும். அதன் அடி 32. கோர்வுட் பிளாக் ஃபாரஸ்ட் என்கிற காட்டுப் பகுதியின் பைன் மரத்தில் கிடைக்கும், கல் கோடரியே போதும். ஃபைன்வுட்டுக்கு பிர்ச்சோ ஓக்கோ வெட்ட வேண்டும், அதற்கு வெண்கலக் கோடரி தேவை. வேறு மரத்தை அதன் மேல் சாய்த்து உடைக்கிற குறுக்கு வழியும் உண்டு, சாய்கிற பக்கம் நீங்கள் நிற்காதவரை. ஆனால் பாருங்கள், அந்த வில்லுக்கும் மான் தோல் வேண்டும். இந்த வில்லைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

இடையில் வில்லை நம்பக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. பிளாக் ஃபாரஸ்ட்டின் கல்லறைக் குகைக்குள் வரும் எலும்புக்கூடுகளுக்குக் குத்தும் ஆயுதம் சரியாக ஏறாது. அங்கே கிளப்பை எடுங்கள். அதே காட்டில் நீல நிறத்தில் பூதம் மாதிரி ட்ரோல் வரும், உயிர் 600, ஆனால் அதற்கு அம்பு நன்றாக ஏறும். தூரத்திலிருந்து விட்டுவிட்டு ஓடி, நின்று, மறுபடி விட்டு, மறுபடி ஓட வேண்டும். அதன் தோலில் செய்யும் உடுப்பை முழுதாகப் போட்டால் பதுங்கும் திறன் கூடும், மான் வேட்டைக்கு அதைவிட நல்லது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

செத்தால் எல்லாத் திறனிலும் கொஞ்சம் குறையும், வில் திறனும்தான். அதனால் ட்ரோலோடு வீரம் காட்டுவதற்கு முன் நாலு நாள் மான், பன்றி, தண்ணீர் ஓரத்தில் திரியும் பல்லி மாதிரியான நெக் என்று விட்டுப் பழகுங்கள். திறன் ஏற ஏற வட்டம் வேகமாக மூடும், இரண்டரை நொடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நான் இதை எழுதும்போது என் வில் திறன் 61. அக்கா மகனுக்கு இப்போது கல்லூரி, ஹெட்செட்டில் கத்த ஆளில்லை. ஆனாலும் வட்டம் மூடாமல் விட்டால் அந்தக் குரல் காதில் கேட்கிறது.