நைஸ் 19 கொடுத்தும் 380 சதவீதமா?

கேள்வி: நாலு கோர் லேப்டாப்பில் லினக்ஸ். பழைய கல்யாண வீடியோக்களை எஃப்எஃப்எம்பெக் என்ற நிரலில் வேறு வடிவத்துக்கு மாற்றும்போது பிரவுசர் திணறியது. முன்னுரிமையைக் குறைக்கும் நைஸ் கட்டளையில் கடைசி எண்ணான 19 கொடுத்து ஓட்டியதும் பிரவுசர் தேறிவிட்டது. ஆனால் ஓடும் வேலைகளின் சிபியு பயன்பாட்டைக் காட்டும் டாப்பில் எஃப்எஃப்எம்பெக் இன்னும் 380 சதவீதம் காட்டுகிறதே, ஏன்?

பதில்: காட்டத்தான் செய்யும், கவலை வேண்டாம். டாப்பின் கணக்கில் ஒரு கோருக்கு 100 சதவீதம். நைஸ் என்பது உச்சவரம்பு அல்ல. வேறு யாராவது சிபியு கேட்டால் ஒதுங்கி வழிவிடு என்பது மட்டுமே அதன் பொருள். யாரும் கேட்காவிட்டால் நாலு கோரும் அதற்குத்தான்.

போட்டி வரும்போது கணக்கைப் பாருங்கள். சிபியுவைப் பங்கிட, லினக்ஸின் மையமான கெர்னல் சாதாரண வேலைக்கான நைஸ் 0-க்கு 1024 எடை வைத்திருக்கிறது. 10-க்கு 110, 19-க்கு வெறும் 15. ஒரே கோருக்கு 0-ம் 19-ம் மோதினால் 19-க்குக் கிடைப்பது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. 10 என்றால் கிட்டத்தட்ட பத்து சதவீதம். எண் கொடுக்காமல் கட்டளைக்கு முன்னால் நைஸ் என்று மட்டும் போட்டாலே 10 கூடிவிடும். வீடியோ மாற்ற எனக்கு அதுவே போதும்.

சரி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு? அதன் நைஸ் எண்ணை மாற்றும் ரீநைஸ் கட்டளை. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஓடும் ஒரு நிரல், அதாவது ப்ராசஸ், தன் வேலையைப் பல த்ரெட்களாகப் பிரித்துச் செய்யலாம்; லினக்ஸில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி நைஸ் எண். ப்ராசஸ் எண்ணுக்கான 'பி' போட்டு ரீநைஸ் செய்தால் முதல் த்ரெட் மட்டுமே மாறும். டாப்பில் 19 என்று தெரியும். ஷிஃப்ட்டோடு எச் அழுத்திப் பாருங்கள், உழைக்கும் த்ரெட்கள் எல்லாம் 0-விலேயே நிற்கும். 'பி'-க்குப் பதில் ப்ராசஸ் குழுவுக்கான 'ஜி' போடுங்கள், எல்லாம் மாறிவிடும். டெர்மினலில் தனிக் கட்டளையாகத் தொடங்கியிருந்தால் அதே எண்தான் குழு எண்ணும். ஒன்று நினைவிருக்கட்டும்: ஏற்றிய எண்ணைத் திரும்ப இறக்க பொதுவாக சூடோ, அதாவது நிர்வாகி உரிமை, வேண்டும்.

நைஸ் கொடுத்தும் பிரவுசர் தேறாதவர்கள் ஆட்டோகுரூப்பைப் பாருங்கள். ஒரு டெர்மினல் போன்ற ஒவ்வொரு செஷனையும் தனிக் குழுவாக வைத்து சிபியுவைப் பங்கிடும் கெர்னல் வசதி அது. அது இயங்கும்போது நைஸ் எண் ஒரே செஷனுக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். டெர்மினலில் கொடுத்த 19 அதற்கு வெளியே இருக்கும் பிரவுசருக்கு உதவாது. டிஸ்க்தான் இழுக்கிறது என்றால், டிஸ்க்குக்கான முன்னுரிமையை மாற்றும் அயோநைஸில் மூன்றாம் வகுப்பு (மற்றவர்கள் கேட்காதபோது மட்டும்) கொடுங்கள். டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர் பிஎஃப்க்யூ என்றால் அது நன்றாக மதிக்கும், 'நன்' என்றால் பலனில்லை.

லேப்டாப் சூடாகி ஃபேன் அலறுவதுதான் உங்கள் தொல்லை என்றால் நைஸ் அதற்கு மருந்தல்ல. டாஸ்க்செட் கொண்டு எஃப்எஃப்எம்பெக்கை இரண்டு கோரோடு கட்டிவிடுங்கள். மாற்ற நேரம் கூடும், 380 என்ற எண் 200-ஐத் தாண்டாது.